ஹெட்லைட் மங்கல்

அக்டோபர் 14, திங்கள்

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி இறக்கி முழுதாக நான்கு நாள் ஆகவில்லை. அதற்குள் இடது பக்கக் கதவில் நீளமாக ஒரு கோடு. ஆழியாறு மலையில் இறங்கும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவர் உரசிவிட்டது. சுவரை ரோட்டுக்குள் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். போன வருஷம் இப்படி இல்லை.

எஸ்தர் டீச்சர் முன் சீட்டில் இருந்தார். "சுடலையண்ணே, சுவரு எப்பவும் அங்கதானே இருக்கு?" என்றார். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவருக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும்?

தப்பு என் மேல் இல்லை, ஹெட்லைட் மேல். பொள்ளாச்சியிலிருந்து காலையில் இந்த டீச்சர்களை ஏற்றிக்கொண்டு வால்பாறை எஸ்டேட் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவதுதான் என் பிழைப்பு. ஏறும்போது பகல், ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதுதான் சங்கடம். அக்டோபர் பிறந்துவிட்டால் கீழ் வளைவுகளுக்கு வரும்போதே இருட்டிவிடுகிறது. வேன் கம்பெனிக்காரன் வைத்திருப்பது விளக்கா மின்மினிப் பூச்சியா என்று தெரியவில்லை. ரோட்டின் நடுவில் ஒரு கை அகலம் தெரிகிறது, மற்றதெல்லாம் கரி. பல்பை மாற்றினால்தான் சரிப்படும்.

அக்டோபர் 16, புதன்

உடுமலை ரோட்டில் மயில்சாமியிடம் போனேன். வண்டி எலக்ட்ரீசியன். கை சுத்தம், வாய் ஓயாது. நூறு வாட் பல்பு போடு என்றேன்.

"ஏனுங்ண்ணா, கம்பெனி குடுத்தது அறுபது வாட்டுங். நூறைக் கொண்டாந்து சொருகுனா வயரு சும்மா இருக்குமாங்? சூடாகி ஓல்டரு உருகிப் போயிருமுங். இது பழைய வண்டி மாதிரி இல்லீங். உள்ளுக்குள்ள ஒரு கம்ப்யூட்டரு உக்காந்துட்டு ஒவ்வொரு பல்பும் எத்தன கரண்டு தின்னுதுன்னு கணக்கு பாத்துட்டு இருக்கு. அது கோவிச்சுட்டா எனக்கு ஆகாதுங்."

மயில், நீ வாத்தியார் வேலைக்குப் போயிருக்க வேண்டியவன் என்றேன். என் வண்டியில் ஏற்கெனவே பன்னிரண்டு வாத்தியார்கள் இருக்கிறார்கள், பதின்மூன்றாவது வேண்டாம். பல்பை வேறு கடையில் வாங்கி நானே மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

வெளிச்சம் சூரியன் மாதிரி. ஆனாலும் மூடுபனி இருந்ததால் இன்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மயில்சாமியின் கருநாக்கு பலித்துவிட்டது. குரங்கு அருவி தாண்டும்போது பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அமலி டீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அடுத்த வளைவில் வலது லைட் அணைந்தது. முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்பக்கச் சிவப்பு விளக்குகளைப் பிடித்துக்கொண்டே செக்போஸ்ட் வரை இறங்கிவிட்டேன். சொன்னால் நம்ப மாட்டார்கள், இந்த மாதத்தில் இன்றுதான் கஷ்டமில்லாமல் இறங்கினேன்.

அக்டோபர் 23, புதன்

ஹோல்டர் உருகி பல்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. மயில்சாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் பிரசாதம் காட்டுவது போலக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். பழைய வாட்டிலேயே நல்ல பல்பாகப் போடலாம் என்கிறான். நான் எல்.இ.டி. கேட்டேன். அதில் வயர் சூடாகாது. அவனே அதை ஒப்புக்கொண்டான். ஆனால் அரை மனசாக.

அக்டோபர் 28, திங்கள்

எல்.இ.டி. போட்டு மூன்று நாள். டேஷ்போர்டில் பல்பு படத்தோடு ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. எல்.இ.டி. தின்னுகிற கரண்டு ரொம்பக் கொஞ்சம், அதனால் பல்பு செத்துவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்கிறதாம். எரிகிற பல்பைச் செத்தது என்று சொல்லும் மூளை. லைட்டும் நிலையாக நிற்காமல் துடிக்கிறது. லைட்டைப் போட்டால் ரேடியோவில் பாட்டு போய் எண்ணெய்ச் சட்டி சத்தம் வருகிறது.

எதிரில் வருகிறவர்கள் எல்லாம் கண் கூசுகிறது என்று திட்டுகிறார்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும் என்பது மலை ரோட்டு வழக்கம். அது எனக்குத் தெரியாதது போல ஒரு லாரிக்காரன் என்னிடம் வண்டியை நிறுத்தி, "ஏனய்யா, லைட்டைப் போட்டுப் போட்டுக் காட்டறேன், நீ பாட்டுக்கு வாற?" என்று கத்தினான். அவன் காட்டவே இல்லை.

அவ்வளவு பேர் கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சம் எனக்கு மட்டும் பத்தவில்லை. இதிலேயே உயர்ந்த ரகம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. லீவு. சாயங்காலம் வாசலில் மகள் நர்மதா புஸ்வாணம் வைத்துக்கொண்டிருந்தாள். தென்னை நார்க் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போகிறாள், இருபத்து மூன்று வயது, இன்னும் மத்தாப்புக்குச் சண்டை போடுகிறாள். நான் உள்ளே போகத் திரும்பினேன். பேச்சி ஒரு தாம்பாளம் நிறைய முறுக்கோடு வந்து என் மேல் மோதிவிட்டாள். முறுக்கெல்லாம் தரையில்.

"மாமா, நான் அசையவே இல்லையே. இங்கனயேதான் நின்னேன்" என்றாள்.

பேச்சி என் அக்கா மகள். சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டவள், என்னைக் கட்டிக்கொண்ட பிறகும் அதே மாமாதான். எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. இன்று பேசிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நாளில் நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது.

நவம்பர் 6, புதன்

எல்.இ.டி.யோடு சேர்த்து மாட்டுகிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கினோம். பழைய பல்பு தின்கிற அளவு கரண்டைத் தானும் தின்று கம்ப்யூட்டரை ஏமாற்றுமாம். மஞ்சள் விளக்கு போய்விட்டது, துடிப்பும் நின்றது. மயில்சாமி மீசையைத் தடவிக்கொண்டான்.

ஆனால் தின்ற கரண்டெல்லாம் சூடாகத்தானே வெளியே வர வேண்டும்? பெட்டியை இரும்பில் வைத்துக் கட்டாமல் பம்பர் பிளாஸ்டிக்கில் ஒட்டிவிட்டான். இன்று பம்பரில் ஒரு ஓட்டை. "ஆனைக்கும் அடி சறுக்குமுங்ண்ணா" என்கிறான். ஆனை அவனாம்!

நவம்பர் 12, செவ்வாய்

எஸ்தர் டீச்சர் பின் சீட்டுக்குப் போய்விட்டார். இடுப்பு வலியாம். இடுப்பு வலிக்காரர் கடைசி சீட்டில் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டு வருவதை இன்றுதான் பார்க்கிறேன். ஜெபமாலை வேறு உருட்டிக்கொண்டே வருகிறார். அமலி டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் திங்கள் முதல் பஸ்ஸில் போகிறார்கள். பஸ்தான் சௌகரியம் என்று தோன்றிவிட்டதாம்.

முன் சீட்டில் இப்போது பி.டி. சார் வினோத். சின்ன வயசு, மரியாதைக்காரர். ஆனால் இறங்கும்போது வாய் மூடுவதில்லை. "அண்ணே, இடப்பக்கம் பைக்கு." "அண்ணே, மாடு நிக்குது." எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமாக இந்த மலையில் ஓட்டுகிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று ஒரு பெண் பள்ளத்தில் விழுந்துவிட்டாள். வண்டி மேலே படவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், வண்டி மேலே படவில்லை.

அட்டகட்டி தாண்டி இறங்கிக்கொண்டிருந்தேன். வினோத் சார் "அண்ணே!" என்று அலறி ஸ்டீயரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தார். பிரேக் போட்டு நின்றேன். விறகுக் கட்டோடு ஓரமாகப் போன பெண் பயந்து சாக்கடைப் பள்ளத்தில் குதித்திருக்கிறாள். முட்டியில் சிராய்ப்பு. அவள் என்னைத் திட்டவில்லை. விறகைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள். எஸ்தர் டீச்சர் இறங்கி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு இருட்டுகிற நேரத்தில் ரோட்டோரம் நடந்தால் யாருக்குத்தான் தெரியும்?

வினோத் சார், மஞ்சள் சேலை என்கிறார். எஸ்தர் டீச்சரும் மஞ்சள் என்கிறார்.

பொள்ளாச்சி வந்து இறங்கும்போது எப்போதும் "வர்றோம்ணே" என்பார்கள். இன்று யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 20, புதன்

வண்டியை எடுக்கவில்லை. டீச்சர்களுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லிவிட்டு நேரே மயில்சாமி கடைக்குப் போனேன். எது வேண்டுமானாலும் செய், எனக்கு ரோடு தெரிய வேண்டும் என்றேன்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை என் வண்டியே கதி என்று கிடந்தான். எல்.இ.டி.யையும் அந்தப் பெட்டியையும் கழற்றி வீசினான். கம்பெனி சொன்ன அதே வாட்டில் நல்ல பல்பு. பேட்டரியிலிருந்து நேரே தடித்த வயர், நடுவில் ரிலே என்கிற சுவிட்ச், அதற்குத் தனி ஃபியூஸ். பழைய வயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை. அதை ரிலேயைத் தட்டி எழுப்புவதற்கு மட்டும் வைத்துக்கொண்டான். கம்ப்யூட்டருக்குக் கோபம் வராதபடி அந்த வயரில் ஏதோ சின்னதாகச் சேர்த்தான். பிறகு மஞ்சளித்துப்போன ஹெட்லைட் கண்ணாடியை உப்புத்தாளும் பாலீஷும் போட்டுத் தேய்த்தான். புது வண்டிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ரேடியோவில் பாட்டு சுத்தமாகக் கேட்டது. மஞ்சள் விளக்கு இல்லை. இதை முதலிலேயே செய்ய விட்டிருக்கலாம்.

பொழுது சாய்ந்ததும் கடைக்குப் பின்னால் நார் குடோனின் வெள்ளைச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தினோம். லைட்டின் உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, வெளிச்சம் கோட்டுக்குக் கீழே விழும்படி திருகாணியைத் திருப்புவதுதான் கணக்கு. நான் ஸ்டீயரிங்கில் இருந்தேன். லைட்டைப் போட்டேன். நடுச் சுவரில் அடித்த வெளிச்சத்தில் சுண்ணாம்பு வெடிப்புகூடத் தெரிந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

மயில்சாமி திருகாணிப் பக்கம் குனிந்தபடியே, "அண்ணா, அக்காவக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங், நெழலு உழுகுது" என்றான்.

"எந்த அக்கா?"

"நம்ம அக்காதானுங். உங்க வீட்டு அக்கா. அங்க நிக்கறாங்கள்ல, இடப்பக்கத்துச் செவுத்துல."

சுவர் காலியாக இருந்தது. அவன் விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்புறம் சுவரைப் பார்த்தான். நான் தலையை இடது பக்கம் நன்றாகத் திருப்பினேன். பேச்சி நின்றுகொண்டிருந்தாள். வெளிச்சம் முகத்தில் அடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முழு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

வினோத் சார் நேற்றே அவளுக்குப் போன் பண்ணிவிட்டாராம். அவள் வண்டியருகே வந்து கதவைத் திறந்தாள்.

"நான் வந்து ரொம்ப நேரம் ஆச்சு மாமா. கையக்கூட ஆட்டுனேன்."

"இருட்டுல எப்படித் தெரியும்?"

"இருட்டா மாமா இது?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். "பல்பக் கழட்டிக் கழட்டி மாட்டுனது போதும். சாவியக் குடுங்க."

வாய் ஓயாத மயில்சாமி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வண்டியை அவன்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டான். நான் என் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

நவம்பர் 21, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 25, திங்கள்

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி. பேச்சியும் வந்தாள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். நான் ரொம்ப நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். மெஷின் ரிப்பேர் போலிருக்கிறதே என்று கேட்டேன். மெஷின் பக்கத்திலிருந்த பெண், "இல்லீங்க ஐயா, ஓடிட்டுத்தான் இருக்கு" என்றாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வருகிறதாம். முதலில் மங்கிய வெளிச்சத்தில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டில் தெரியாது, நடுப்பார்வை மட்டும் கடைசிவரை நிற்கலாம், நிற்காமலும் போகலாம். மாத்திரை கேட்டேன், இல்லை. ஆபரேஷன், இல்லை. கண்ணாடி? அதுவும் இல்லை. பகலில்கூட இனிமேல் ஓட்டக் கூடாது என்றார். இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேனே என்றேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க" என்றார். அந்த மஞ்சள் சேலை ஞாபகம் வந்தது.

வீட்டில் யாருக்காவது மாலைக்கண் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மா விளக்கு வைத்த பிறகு வாசலைத் தாண்ட மாட்டாள், எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அதற்கு அவளைக் கேலி செய்வார்கள். ஆனால் அது அவள் சுபாவம்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"அக்கா மகள்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேச்சியைப் பார்த்தார். "பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு."

"அவங்களை ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டிருங்க."

எதற்கு? அவள் பதினெட்டிலேயே லைசென்ஸ் எடுத்தவள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது பேச்சி இந்தப் பேச்சை எடுத்தாள். வாயை மூடு என்றேன். பொள்ளாச்சி வரும்வரை மூடிக்கொண்டுதான் வந்தாள்.

நவம்பர் 29, வெள்ளி

டீச்சர்கள் வேறு வேன் பிடித்துவிட்டார்கள். வினோத் சார் மட்டும் வீட்டுக்கு வந்தார். ஒரு டஜன் வாழைப்பழம். நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி. "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கண்ணே" என்றார். எங்கே போவதற்குக் கூப்பிடுவது?

பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று வண்டியைத் தினம் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறேன். நின்ற இடத்திலேயே. அதுவும் எதற்கு என்று தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு ஒரு வேலையும் தெரியாது. பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன், பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு பாத்ரூம் போகிறேன். விடிந்தால் எழுந்திருக்க மனசில்லை. இப்படியே எல்லாம் முடிந்துவிட்டால் நல்லது என்று இருக்கிறது. பேச்சியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தவள் போல நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறாள்.

டிசம்பர் 4, புதன்

நர்மதா வேலை முடிந்து வந்தவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வேலை கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, என் வண்டி லைட்டக் கொஞ்சம் பாரேன். சுத்தமா வெளிச்சமே இல்ல. நார்க் கம்பெனி ரோட்டுல முந்தாநேத்து ஒரு கல்லுல ஏத்திட்டேன்."

"பல்பு பழசு. வந்ததிலிருந்து மாத்தலையே" என்றேன்.

பேச்சி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. பல்பு பழசுதான். நாலு வருஷம் ஆகிறது.

டிசம்பர் 5, வியாழன்

பகலிலேயே வேலையை முடித்தேன். நர்மதா இன்று பஸ்ஸில் போனாள். மயில்சாமியிடம் போன் பண்ணிக் கேட்டு அதே வாட்டில் நல்ல பல்பு வரவழைத்தேன். ஹோல்டரின் பித்தளைக் காதுகளை உப்புத்தாளால் தேய்த்தேன். வயர் முனைகளைப் பார்த்தேன், பேட்டரிக்குத் தண்ணீர் பார்த்தேன். கண்ணாடியைப் பாலீஷ் போட்டேன். நானே எல்லாம் செய்தேன். இந்த ஒரு நாள் நான் மனுஷனாக இருந்தேன். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் என்று பேச்சிகூடச் சொன்னாள்.

டிசம்பர் 6, வெள்ளி

நேற்றுச் சாயங்காலம் மழை, அதனால் இன்றுதான் ஓட்டிப் பார்த்தாள். தெரு விளக்கு போடுவதற்கு முன்னால், பொழுது சாய்கிற நேரம். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்கூட்டி தெருமுனை வரை போகும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. கண் கூசுகிற வெளிச்சம். வேலை சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"நடுவுல பளிச்சுனு இருக்குப்பா. ஆனா ரெண்டு ஓரமும் ஒண்ணுமே தெரியல. எதிர் வீட்டு சரசக்கா குரல் குடுக்காட்டி அவங்க மேலயே ஏத்திருப்பேன்." ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தாள். "இதைவிடப் பவரா வேற பல்பு கிடைக்காதாப்பா?"

பின்னால் பேச்சி வாசல்படியில் உட்காரும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தாளா விழுந்தாளா தெரியவில்லை.

"கிடைக்காதும்மா" என்றேன்.

"மயில்சாமி மாமாகிட்டக் கேளுப்பா. அவரு எங்கயாச்சும் பிடிச்சுக் குடுத்துருவாரு."

கையால் தடவி ஸ்கூட்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டாள். காலையில் கோயம்புத்தூர் போகணும், உனக்கு லீவு சொல்லிரு என்றேன். "ஏம்ப்பா, உன் கண்ணக் காட்டவா? சரி, நானே கூட வர்றேன், அம்மா வீட்ல இருக்கட்டும்" என்று சொல்லி என் கையைப் பிடித்து, பார்த்து வா, படி இருக்கு என்று கூட்டிக்கொண்டு வந்தாள். படியில் இரண்டு பேருக்கும் கால் இடறியது.